தடையா, தேர்வறையா, திறந்த கதவா? பாடத்தில் ஏஐக்கு எந்த விதி பொருந்தும்

செமஸ்டர் தொடங்கும் முன் பாடத்திட்டத் தாளில் ஏஐ பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கிறது. பல ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதினால் யாரும் மதிக்கப்போவதில்லை என்று தெரியும். 'பயன்படுத்தலாம்' என்று எழுதினால் எல்லா அசைன்மென்டும் ஒரே குரலில் வந்து நிற்குமோ என்று பயம். 'பொறுப்போடு பயன்படுத்தவும்' என்று எழுதித் தப்பிக்கலாம்தான். ஆனால் பொறுப்பு என்றால் எதுவரை என்று முதல் வகுப்பிலேயே யாராவது கேட்பார்கள். இப்படி நடுவில் நின்றுகொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் வாசகர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அடுத்த சில மாதங்களில் பல்கலைக்கழகங்கள் எல்லாத் திசையிலும் ஓடிப் பார்த்துவிட்டன. பாரிஸின் சியான்ஸ் போ 2023 ஜனவரியில் தடை விதித்தது, ஹாங்காங் பல்கலைக்கழகம் பிப்ரவரியில். ஹாங்காங் அதே ஆண்டிலேயே மனம் மாறி, கருவியை மாணவர்களுக்குத் தானே வழங்க முன்வந்தது. பிரிட்டனில் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இளநிலை மாணவர்களில் 92 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் ஏஐ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மதிப்பெண் உள்ள வேலைகளுக்குப் பயன்படுத்தியவர்கள் ஒரே ஆண்டில் 53 சதவீதத்திலிருந்து 88க்கு ஏறியிருந்தார்கள். ஆகவே பயன்படுத்துவார்களா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எந்த வேலையில், எந்த நிபந்தனையில் என்பதுதான் மிச்சம்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவது கற்றல். இந்த விதியின் கீழ் ஒரு சராசரி மாணவர் தானே யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிப்பாரா? உத்தமரையோ ஏமாற்றுக்காரரையோ மனதில் வைத்து விதி எழுதாதீர்கள். நாளை காலை மூன்று வேலைகளை ஒப்படைக்க வேண்டிய, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கும் மாணவரை மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மதிப்பெண்ணின் நம்பகம். இந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று சான்றிதழ் சொன்னால் அது அந்த மாணவரைப் பற்றிய உண்மையா? மூன்றாவது, நியாயம். தப்பே செய்யாதவர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, சந்தா கட்டி நல்ல கருவி வைத்திருப்பவர் எவ்வளவு முந்துகிறார், மாற்றுத்திறனாளி மாணவர்கள் என்ன ஆகிறார்கள். நான்காவது, ஆசிரியரின் நேரம். இது கடைசி நிமிடம் வரை யாரும் கணக்குப் பார்க்காத செலவு.

ஐந்தாவதை நான் மற்ற நான்குக்கும் மேலே வைப்பேன். விதியை மீறினால் உங்களுக்குத் தெரியவருமா? தெரியாது என்றால் அந்த விதி நேர்மையானவர்களை மட்டும் கட்டிப்போடுகிறது. 'யோசனைக்கு மட்டும் ஏஐ, எழுதுவதற்கு அல்ல' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அதைப் படித்து அப்படியே நடக்கும் மாணவி மூன்று இரவு உட்கார்ந்து எழுதுகிறாள். நடக்காதவன் அரை மணியில் முடித்து அவளைவிட ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்குகிறான். அவள் அடுத்த முறையும் விதியைப் பின்பற்றுவாள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஆஸ்திரேலியாவில் தாமஸ் கார்பின், பிலிப் டாசன், டேனி லியூ ஆகியோர் 2025இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. வேலையின் அமைப்பு அப்படியே இருக்க அறிவுறுத்தலை மட்டும் மாற்றுவது ஒன்று, வேலையின் அமைப்பையே மாற்றுவது இன்னொன்று என்று பிரித்து, பின்னதைத்தான் நம்ப முடியும் என்கிறார்கள். கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இந்தப் பிரிவினை உதவும்.

## வழி 1: தடை விதித்து, கண்டறியும் மென்பொருளை நம்புவது

இதன் கவர்ச்சி புரிகிறது. ஒரே வரியில் எழுதிவிடலாம், யாருக்கும் விளக்க வேண்டாம், வேலைகளை மாற்றியமைக்கவும் வேண்டாம். எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியவர்களுக்கு இதுவும் அதே மாதிரி என்று தோன்றும்.

அதே மாதிரி இல்லை என்பதுதான் சிக்கல். திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் மூலத்தைக் காட்டுகிறது. இந்தப் பத்தி இந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மாணவர் முன் வைக்கலாம். ஏஐயைக் கண்டறியும் மென்பொருளிடம் மூலம் எதுவும் இல்லை, ஒரு சதவீத எண் மட்டும் இருக்கிறது. சொற்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கும்படி வருகின்றன என்பது போன்ற அடையாளங்களை வைத்து அது செய்யும் ஊகம் அது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகச் சந்தேகித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

தவறு எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதம் ஏஐ எழுதியதாக முத்திரை குத்தப்பட்டது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை அதே கருவிகள் கிட்டத்தட்ட சரியாகவே அடையாளம் கண்டன. எளிய சொற்களும் பாடப்புத்தக வாக்கியங்களுமாக எழுதுபவர்தான் மாட்டுகிறார். பல வகுப்புகளில் மிகக் கஷ்டப்பட்டு எழுதுபவரும் அவர்தான். கருவிகள் பிறகு மேம்பட்டிருக்கின்றன, சரி. ஆனால் ஒரு சதவீதப் பிழை என்றாலே எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் என்ற திருட்டுப் பிடிக்கும் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்தபோது இந்தக் கணக்கைத்தான் போட்டது. 2022இல் 75,000 கட்டுரைகள் அந்த மென்பொருள் வழியே போயிருந்தன. ஒரு சதவீதம் தவறினாலும் சுமார் 750 கட்டுரைகள் மீது பொய்ப்பழி.

மென்பொருள் வேண்டாம், என் கண்ணே போதும் என்பவர்களுக்கு ரெடிங் பல்கலைக்கழகத்தின் சோதனை. அங்கே உளவியல் துறையில் வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளில், திருத்துபவர்களுக்குச் சொல்லாமல் ஏஐ எழுதிய விடைகளைக் கலந்துவிட்டார்கள். 2024இல் வெளியான முடிவின்படி 94 சதவீதம் பிடிபடவில்லை. சராசரியாக உண்மையான மாணவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைத்தது. 'நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்' என்று நாம் சொல்லும்போது, பிடிபட்டவற்றை மட்டும் எண்ணிக்கொள்கிறோம். பிடிபடாதவை நல்ல கட்டுரைகள் என்ற பெயரில் போய்விட்டன.

இதைவிட மோசமான வழிகளும் உண்டு. 2023 மே மாதம் அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிலேயே ஒட்டி 'இதை நீதான் எழுதினாயா' என்று கேட்டு, அது ஆமாம் என்றதை நம்பி வகுப்பின் மதிப்பெண்களை நிறுத்திவைத்த செய்தி உலகம் சுற்றியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் திறன் அந்தக் கருவிக்கு இல்லை. கேள்வித்தாளில் வெள்ளை எழுத்தில் ஒரு கட்டளையை ஒளித்துவைத்து ஏஐயை மாட்டவைக்கும் தந்திரமும் பரவியது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவருக்கு அந்த வெள்ளை எழுத்தும் கேட்கும். ஏமாற்றாத அவர் குழம்பிப்போவார்.

மறைந்திருக்கும் செலவு விசாரணை. ஒரு சந்தேகத்தை முறைப்படி எடுத்துச்சென்றால் கடிதம், விளக்கம், குழு, மேல்முறையீடு என்று வாரங்கள் போகும், கடைசியில் கையில் ஆதாரம் இருக்காது. இன்னொன்று, எழுத்தே கெடும். சந்தேகப்படுவார்களோ என்று பயந்து நன்றாக எழுதத் தெரிந்தவரும் வேண்டுமென்றே கரடுமுரடாக எழுதத் தொடங்குவார்.

அப்படியானால் தடைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நோயாளி விவரங்கள், நேர்காணல் பதிவுகள், வெளியிடப்படாத ஆய்வுத் தரவு போன்றவற்றை வெளி நிறுவனத்தின் கருவியில் ஏற்றக் கூடாது என்ற தடைக்குத் தெளிவான காரணம் உண்டு. மாணவர்களும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். மொழி கற்பிக்கும் வகுப்பிலும், எழுதுவதே பாடமாக உள்ள வகுப்பிலும், எழுத்தின் பெரும்பகுதி உங்கள் கண்முன்னே நடந்தால் தடை பொருந்தும். ஆனால் அப்போது வேலை செய்வது உங்கள் கண், விதி அல்ல. அது அடுத்த வழி.

## வழி 2: தேர்வறைக்குத் திரும்புவது

கையெழுத்துத் தேர்வு, வகுப்பிலேயே எழுதுவது, வைவா எனும் வாய்மொழித் தேர்வு. மதிப்பெண்ணின் நம்பகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. மீறல் தெரியுமா என்ற கேள்விக்கும் பெரும்பாலும் ஆமாம். யாரையும் வீட்டில் என்ன செய்தாய் என்று விசாரிக்க வேண்டியதில்லை என்பதால் சந்தேகமும் குறைகிறது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வறையில் அளக்க முடிவது ஞாபகம், வேகம், அழுத்தத்தில் யோசிப்பது. ஒரு மாதம் மூலங்களைத் தேடி, முதல் வரைவைத் தூக்கிப்போட்டு, வாதத்தை மாற்றி எழுதும் திறமையை இரண்டு மணி நேரத்தில் அளக்க முடியாது. ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தேர்வு மட்டும் வைத்தால், அளக்க எளிதானதை மட்டும் கற்பித்தவர்களாவோம். கூடுதல் நேரமோ கணினியோ தேவைப்படும் மாணவர்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். விசைப்பலகையிலேயே வளர்ந்தவர்களின் கையெழுத்தைப் படிப்பது தனிச் சோதனை.

வைவா அழகான யோசனை, கணக்குப் போடும்வரை. 60 மாணவர்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம், அதாவது இரண்டு நாள். 200 மாணவர்கள் என்றால் 33 மணி நேரத்துக்கு மேல். ஒருவர் வெளியே போய் இன்னொருவர் வந்து உட்காரும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. எழுத்துத் தேர்வில் பெயரை மறைத்துத் திருத்தலாம், வைவாவில் முகமே எதிரில் இருக்கிறது. பேச்சு சரளமாக வருபவருக்கு அறிவும் கூடுதல் என்று நினைத்துவிடுவது எளிது. நாள் முடிவில் வருபவரைக் களைத்துப்போன ஆசிரியர்தான் கேள்வி கேட்கிறார். முதல் இரண்டு கேள்விகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, மதிப்பெண் தாளை முன்பே எழுதிவைத்தால் இது கொஞ்சம் குறையும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த சிக்கன வடிவம் ஒன்று உண்டு. கட்டுரையை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். ஒப்படைத்த வாரத்தில், வகுப்பிலேயே இருபது நிமிடம், ஒரு வெள்ளைத்தாள். 'உங்கள் கட்டுரையின் முக்கிய வாதத்துக்கு எதிராக ஒருவர் சொல்லக்கூடிய மிகப் பலமான மறுப்பு எது? அதற்கு உங்கள் பதில் என்ன?' கட்டுரைக்குச் சொந்தக்காரருக்கு இது எளிது. ஏஐ எழுதிக் கொடுத்ததை வாங்கி, படித்து, புரிந்துகொண்டு வந்தவரும் சமாளித்துவிடுவார். அதில் எனக்கு வருத்தமில்லை, படித்திருக்கிறார். படிக்காமல் ஒப்படைத்தவர் மட்டும்தான் விழிப்பார். அறை முன்பதிவு வேண்டாம், வைவா வரிசை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்து கேமரா முன் எழுதும் இணையத் தேர்வைத் தேர்வறை என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு போன் இருக்கலாம். 2025இல் வந்த காமெட், அட்லஸ் போன்ற ஏஐ உலாவிகள் வினாடி வினாவைத் தாங்களே படித்து, தாங்களே சொடுக்கி, தாங்களே ஒப்படைக்கக்கூடியவை. படுக்கையறையைப் படம் பிடித்துக் காட்டச் சொல்லும் கண்காணிப்பு மென்பொருள் மாணவரின் அந்தரங்கத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அரைகுறை நம்பகத்தைத்தான் தருகிறது.

மருத்துவம், செவிலியம், பொறியியல் அடிப்படை என்று பின்னால் மற்றவர் உயிர் நம்பியிருக்கப்போகும் பாடங்களில் இந்த வழிக்கு மாற்று கிடையாது. முதலாண்டு நிரலாக்கமும் அப்படித்தான். கருவி எழுதிய நிரலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே, முதலில் கருவி இல்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

## வழி 3: சொல்லிவிட்டுப் பயன்படுத்து

இன்று பெரும்பாலான துறைகள் வந்து நிற்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு அனுமதி என்று குறிப்பது, மாணவர் என்ன செய்தார் என்று அறிவிப்பது. மைக் பெர்கின்ஸ், லியான் ஃபர்ஸ் முதலியோர் உருவாக்கிய ஐந்து படி அளவுகோல் பல நாடுகளில் புழங்குகிறது. ஏஐ இல்லாமல் என்பதில் தொடங்கி, திட்டமிட மட்டும், சேர்ந்து எழுத, முழுமையாக என்று மேலே போகும் ஏணி அது.

இதன் நல்ல பக்கம் பேச்சு. விதி என்ன, ஏன் என்று வகுப்பில் திறந்து பேச ஒரு மொழி கிடைக்கிறது. பல மாணவர்கள் ஏமாற்ற நினைத்து மீறுவதில்லை, எது அனுமதி என்று தெரியாமல் மீறுகிறார்கள். திங்கள்கிழமை ஆசிரியர் கட்டாயம் என்பதைப் புதன்கிழமை ஆசிரியர் குற்றம் என்கிறார். அந்தக் குழப்பத்துக்கு இந்த ஏணி நல்ல மருந்து.

கண்காணிப்புக் கருவியாக இதை நினைத்தால்தான் ஏமாற்றம். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் உள்ள கோட்டை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. எழுதும் மென்பொருளுக்குள்ளேயே ஏஐ வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு, இலக்கணத் திருத்தம் எங்கே முடிகிறது, மறுஎழுத்து எங்கே தொடங்குகிறது என்று மாணவருக்கே தெரிவதில்லை. அறிவிப்பவர் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 'இரண்டாம் பத்தியைச் சீராக்க ஏஐ பயன்படுத்தினேன்' என்று எழுதியவரின் கட்டுரையை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறோம். எதுவும் எழுதாதவரின் கட்டுரையை நிம்மதியாகப் படிக்கிறோம். அறிவிப்பு எப்படிக் குறையாமல் இருக்கும்?

செலவு காகிதத்தில். முழு உரையாடல் பதிவையும் இணைக்கச் சொல்லும் ஆசிரியர்களுக்கு நாற்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். படிக்க மாட்டார்கள் என்பது மாணவர்களுக்கு இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். பதிவை ஜோடிப்பதும் கடினமில்லை. அதற்குப் பதில் நான்கு வரிக் குறிப்பு கேளுங்கள்: என்ன கேட்டீர்கள், அது சொன்னதில் எதைத் தூக்கிப்போட்டீர்கள், ஏன்? 'ஏன்' என்பதற்கான பதிலில் மாணவர் யோசித்தாரா என்பது ஓரளவு தெரியும்.

வாரா வாரம் சந்திக்கும் முதுநிலை மாணவர்கள், பத்துப் பதினைந்து பேர் உட்காரும் கருத்தரங்கு வகுப்பு, இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று நம்பிக்கை ஏற்கெனவே இருக்கும் இடங்களில் இது நன்றாக ஓடும். முந்நூறு பேர் வகுப்பில் ஓடாது.

## வழி 4: கதவைத் திறந்து, ஏஐயைப் பாடத்துக்குள் கொண்டுவருவது

இதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று, எந்தக் கருவியையும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிடுவது. இன்னொன்று, பாடத்துக்கென்றே அமைத்த துணைக் கருவியைத் தருவது. இரண்டும் ஒன்றென்று பலர் பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் நடத்திய கணிதச் சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரு குழுவுக்கு வழக்கமான அரட்டைக் கருவி, ஒரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்த கருவி, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சியின்போது முதல் குழு 48 சதவீதமும் இரண்டாம் குழு 127 சதவீதமும் மேலே போனது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். வழக்கமான கருவி வைத்திருந்தவர்கள், ஏஐயே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்தச் சரிவு பெருமளவு இல்லை. பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு, உண்மைதான். ஆனால் விடையைக் கேட்டு வாங்கும் பழக்கம் பல்கலைக்கழக வாசலில் மறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 நிரலாக்கப் பாடம் 2023 முதல் தன் மாணவர்களுக்குத் தரும், 'வாத்து' என்று அழைக்கப்படும் ஏஐ துணைக் கருவியும் இந்த வழியில்தான் போகிறது. விடையைக் கொட்டாது, விடையை நோக்கித் தள்ளும்.

ஆகவே 'திறந்துவிட்டோம், மாணவர்கள் எதிர்காலத்துக்குத் தயாராகிறார்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்குச் சோம்பலாகப் படுகிறது. திறப்பதென்றால் மூன்று வேலைகள் கூட வருகின்றன.

மதிப்பெண் தாளை மாற்ற வேண்டும். மொழிநடைக்கும் கட்டமைப்புக்கும் முப்பது மதிப்பெண் வைத்திருந்தால், இனி எல்லோருக்கும் இருபத்தைந்து. எல்லாக் கட்டுரையும் வழவழப்பாக வரும்போது, எந்த மூலத்தைத் தேர்ந்தார், தரவில் எதைக் கவனித்தார், எங்கே பொதுக் கருத்தோடு முரண்பட்டார் என்பவற்றுக்குத்தான் மதிப்பு போக வேண்டும்.

வேலைகளை ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாகச் சோதிக்க வேண்டும். 2023இல் பிரபலமான பயிற்சி, ஏஐ எழுதியதில் பொய்யான மேற்கோள்களைக் கண்டுபிடிப்பது. அதே ஆண்டு நியூயார்க்கில் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்த கதையோடு சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இப்போது கருவிகள் இணையத்தில் தேடி மூலங்களைக் காட்டுகின்றன. பொய் முற்றிலும் போகவில்லை, நுட்பமாகிவிட்டது. மூலம் உண்மையாக இருக்கும், அதில் இல்லாத கருத்து அதன் பெயரில் இருக்கும். பழைய பயிற்சி அப்படியே ஓடாது.

எல்லோருக்கும் ஒரே கருவி கிடைக்கச் செய்வது மூன்றாவது. நிறுவனம் உரிமம் வாங்கித் தந்தால் நியாயச் சிக்கலும் தரவுப் பாதுகாப்புச் சிக்கலும் ஓரளவு சேர்ந்தே தீரும். இல்லாவிட்டால் இலவசப் பதிப்புக்கும் சந்தாப் பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நீங்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தன் எழுத்தை அந்தக் கருவிகளுக்குக் கொடுக்க மனமில்லாத மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு மாற்று வேலை வைத்திருக்க வேண்டும்.

வெளிவரும் விடையைச் சோதித்துப் பார்க்க முடிகிற பாடங்களில் இந்த வழி பிரகாசிக்கிறது: தரவுப் பகுப்பாய்வு, வடிவமைப்பு, மேல்நிலை நிரலாக்கம், தொழில்முறைப் படிப்புகளின் கடைசி ஆண்டு. அடிப்படை இன்னும் உருவாகாத முதலாண்டில் வேண்டாம்.

## வழி 5: இரண்டு தடங்கள்

சிட்னி பல்கலைக்கழகம் 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. மதிப்பீடுகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மேற்பார்வையோடு நேரில் நடக்கும் பாதுகாப்பான தேர்வுகள் ஒரு தடம். அங்கே ஆசிரியர் அனுமதித்தால் தவிர ஏஐ இல்லை. மற்ற எல்லாம் திறந்த தடம். அங்கே ஏஐ அனுமதி என்பதே இயல்புநிலை. நடுவில் 'கொஞ்சம் மட்டும்' என்ற சாம்பல் பகுதி கிடையாது.

மேலே சொன்ன ஐந்தாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் வழி இதுதான். காவல் காக்க முடிகிற இடத்தில் காவல், முடியாத இடத்தில் பாசாங்கு இல்லை. கண்டறியும் மென்பொருள், விசாரணைக் குழு, அறிவிப்புப் படிவம் என்று பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

சிக்கல்கள் உண்டு. முழு வடிவில் செய்ய ஓர் ஆசிரியரால் முடியாது. எந்தத் திறன் எந்த ஆண்டில், எந்தப் பாடத்தில் நேரில் உறுதிப்படுத்தப்படும் என்று துறை முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, திறந்த தடத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் அதை யார் செய்வார்கள்? பாதுகாப்பான தேர்வு திறந்த வேலையிலிருந்தே கேள்வி எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆறு வாரம் ஒரு தரவுத் தொகுப்போடு, ஏஐயோடு, வேலை செய்கிறார்கள். தேர்வறையில் அதே தரவின் ஒரு புதிய துண்டைக் கொடுத்து விளக்கச் சொல்கிறீர்கள். வேலையைச் செய்தவருக்குத் தேர்வு பழகிய தெருவில் நடப்பது மாதிரி இருக்கும்.

தனி ஆசிரியர் செய்யக்கூடிய சிறு வடிவமும் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணில் பாதி நேரில், மீதி திறந்தது, நேரில் உள்ளதில் தேர்ச்சி பெறாமல் பாடத்தில் தேர்ச்சி இல்லை. இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால், வீட்டு வேலையில் முழு மதிப்பெண்ணும் தேர்வில் பத்தும் வாங்கியவரும் கரையேறிவிடுவார்.

## ஒரு பார்வையில்

| வழி | கற்றல் | மதிப்பெண் நம்பகம் | நியாயம் | ஆசிரியர் நேரம் | மீறல் தெரியுமா |
|---|---|---|---|---|---|
| தடை, கண்டறியும் கருவி | மாணவரைப் பொறுத்தது | குறைவு | மிகக் குறைவு | தொடக்கத்தில் இல்லை, விசாரணையில் மலை | பெரும்பாலும் தெரியாது |
| தேர்வறை, வைவா | அடிப்படைக்கு நல்லது, நீண்ட வேலைக்கு இல்லை | மிக அதிகம் | ஏற்பாடுகள் இருந்தால் நல்லது | அதிகம் | தெரியும் |
| சொல்லிவிட்டுப் பயன்படுத்து | சிறு வகுப்பில் நல்லது | நடுத்தரத்துக்கும் கீழே | நேர்மையாளருக்கு நட்டம் | நடுத்தரம் | தெரியாது |
| திறந்த கதவு | கருவியின் அமைப்பைப் பொறுத்து ஏறும், இறங்கும் | தனியாக நின்றால் குறைவு | பொதுக் கருவி இருந்தால் நல்லது | முதல் ஆண்டில் மிக அதிகம் | கேள்வியே எழாது |
| இரண்டு தடங்கள் | நல்லது | அதிகம் | நல்லது | திட்டமிட அதிகம், பிறகு குறையும் | தேவையான இடத்தில் தெரியும் |

## உங்கள் வகுப்புக்கு எது

அட்டவணையைப் பார்த்தால் என் சாய்வு எங்கே என்று தெரிந்திருக்கும். முடிந்தவர்கள் இரண்டு தடங்களுக்குப் போங்கள். ஆனால் எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல.

முந்நூறு பேர் உள்ள முதலாண்டு வகுப்பு என்றால், சின்னச் சின்ன நேரடித் தேர்வுகள் நான்கைந்து, பயிற்சிக்குக் குறிப்பு மட்டும் தரும் கருவி. வீட்டுக் கட்டுரைக்குப் பெரிய மதிப்பெண் வைக்காதீர்கள். சிறிய கருத்தரங்கு வகுப்பு என்றால் மூன்றாம் வழியே போதும், அங்கே உரையாடலே பாதுகாப்பு. ஆய்வேடு வழிகாட்டுபவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாதாந்தரச் சந்திப்பும் இறுதி வாய்மொழித் தேர்வும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றைச் சடங்காக்காமல் நடத்தினால் சரி.

செமஸ்டர் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? நடுவில் மதிப்பெண் பங்கீட்டை மாற்றாதீர்கள். அது நியாயமும் இல்லை, பல இடங்களில் விதிமுறையும் அனுமதிக்காது. மிச்சமிருக்கும் வேலைகளில் ஒன்றுக்கு மேலே சொன்ன இருபது நிமிட வெள்ளைத்தாளைச் சேர்க்கலாம், மதிப்பெண் இல்லாமலேயே. யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

முழுக்க இணையத்தில் நடக்கும் படிப்புகளுக்குத்தான் எந்த வழியும் சுத்தமாகப் பொருந்தவில்லை. நேரில் சந்திக்கவே முடியாத மாணவர்களிடம் பாதுகாப்பான தடம் என்பது பேச்சளவுதான். படிப்பு முழுவதற்கும் இரண்டு மூன்று தேர்வுகளையாவது மாணவருக்கு அருகில் உள்ள ஏதாவதொரு தேர்வு மையத்தில் நேரில் வைக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். முடியாது என்றால் காணொளியில் பத்து நிமிட உரையாடல், அதுவும் மாணவர் ஏற்கெனவே ஒப்படைத்த வேலையைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு. பேச்சின் ஓட்டத்தில் உடனுக்குடன் துணைக்கேள்வி கேட்பதால் ஏமாற்றுவது கொஞ்சம் கடினமாகும், அவ்வளவுதான். அதுவும் முடியாத அளவுக்கு வகுப்பு பெரிதாக இருந்தால், அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணை வெறும் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று இரண்டாகச் சுருக்கிவிடலாம். அளக்க முடியாததற்கு 83 என்றும் 84 என்றும் எண் போட்டுத் தரவரிசைப் பட்டியல் தயாரிப்பதைவிட அது தேவலை.